ஏற்காடு காபி லேபிள்

சேர்வராயன் மலையில் விளையும் அராபிக்கா காபியின் பொட்டலத்தில், தோட்டத்தின் பெயரோடு ஒட்டப்படும் சித்திரச் சீட்டு. ஏற்காடு, மஞ்சக்குட்டை வட்டாரத்தில் காபிச் செடிக்கு ஏறக்குறைய 200 வயது. அதன் பெயரையும் படத்தையும் தாங்கிய லேபிளோ நேற்றுப் பிறந்தது. ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பதே இதன் வரலாறு.

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார். கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் அந்தத் தொடக்கத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரத் துரைமார்களின் கொட்டை கப்பலேறிப் போனது. அந்தக் காலத்தில் அதற்கு இருந்த ஒரே அடையாளம் சாக்கின் மேல் இருந்த மை எழுத்துதான். தகட்டில் எழுத்தை வெட்டி, சாக்கின் மேல் வைத்து, கறுப்பு மையை ஒற்றியெடுப்பார்கள்: தோட்டத்தின் முதலெழுத்துகள், தரம், அவ்வளவே. வாங்குகிறவர் தரகர். அவருக்குக் கொட்டையின் நிறமும் மணமும் போதும், படம் வேண்டியிருக்கவில்லை.

படம் வேண்டியவர் வீட்டில் காபி போடுகிறவர். இருபதாம் நூற்றாண்டில் தமிழர் வீடுகளுக்குள் காபி புகுந்தபோது மலையடிவாரத்துச் சேலத்திலேயே பெரிய வணிகப் பெயர் ஒன்று எழுந்தது: 1926-இல் தொடங்கிய நரசுஸ். கடைத்தெரு அரவைக் கடைகளிலோ பழுப்புக் காகித உறைதான் லேபிள். ஒற்றை நிறத்தில் கடைப்பெயர், ஆவி பறக்கும் டவரா டம்ளர், ஓரத்தில் சிக்கரி அளவைக் குறிக்கச் சிறு இடம். சூட்டோடு அரைத்த தூளைக் கொட்டி மடித்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் காகிதத்தில் எண்ணெய் ஊறி டம்ளர் படம் கருத்துப்போகும். எவ்வளவு புதிய தூள் என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. அச்சிட்ட எந்தச் சித்திரமும் அதைவிட உண்மையாகப் பேசியதில்லை.

நிறம் சிவகாசியிலிருந்து வந்தது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பெட்டிக்கு லேபிள் வேண்டும். அந்தத் தேவையே ஊரில் கல்லச்சு வளரக் காரணங்களில் ஒன்றாயிற்று. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர்களுக்கு வரைந்த தெய்வங்களின் பளிச்சென்ற வண்ணமும் தாமரையும், கடைச்சரக்கு எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தமிழர் கண்ணுக்குப் பழக்கின.

அந்த வண்ணம் ஏற்காட்டுத் தோட்டங்களை எட்டாமல் நின்றதற்குச் சட்டம் ஒரு காரணம். 1942-ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்படி விவசாயி தன் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்தாக வேண்டியிருந்தது. வீட்டுக்கும் விதைக்குமான சிறு பங்கையே தனக்கென வைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டாம் உலகப்போரால் ஐரோப்பியச் சந்தை மூடியபோது தோட்டங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் தொகுப்பில் ஏற்காட்டுக் கொட்டையும் குடகுக் கொட்டையும் தரவரிசைக்குள் கலந்துபோயின. ‘பிளான்டேஷன் ஏ’, ‘பீபரி’ என்று கேட்டு வாங்கிய தலைமுறைக்கு அந்தக் கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று தெரியாது. ஊர்ப்பெயர் இல்லாத சரக்குக்கு எந்த ஓவியர் எதை வரைவார்?

1990-களில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் தொகுப்புமுறை முடிவுக்கு வந்தது. காபி வாரியம் சேர்வராயன் உட்பட ஒவ்வொரு காபி வட்டாரத்துக்கும் தனிச் சின்னம் வகுத்தது. 2013-இல் தில்லியில் தொடங்கிய புளூ டோக்காய் போன்ற சிறு வறுவலகங்கள் தோட்டப் பெயரைப் பொட்டலத்தின் முகப்புக்குக் கொண்டுவந்தன. மயில் தோகையைக் குறிக்கும் பழஞ்சொல்லையே அந்நிறுவனம் பெயராக வைத்துக்கொண்டது. ஏற்காட்டின் ரிவர்டேல் போன்ற தோட்டங்களின் பெயர் மலைக்கு வெளியே குடிப்பவரின் வாயில் புழங்கத் தொடங்கியது இப்படித்தான்.

இன்றைய லேபிளின் வடிவத்தைப் பெரும்பாலும் செலவே தீர்மானிக்கிறது. பையின் மேலேயே கிராவ்யூர் முறையில் அச்சடிக்க, நிறத்துக்கு ஓர் உருளை செதுக்க வேண்டும். சில நூறு பை மட்டுமே விற்கும் தோட்டத்துக்கு அது கட்டாது. அதனால் வெறும் பையை வாங்கி, டிஜிட்டல் அச்சில் எடுத்த ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். வறுத்த தேதியை ரப்பர் முத்திரையால் குத்துகிறார்கள். வறுத்த கொட்டை நாள்கணக்கில் கரியமில வாயுவை வெளிவிடும் என்பதால் பையில் ஒருவழி வால்வு உண்டு. அந்தப் பொத்தான் அளவுத் துளையை ஸ்டிக்கர் மூடினால் பை உப்பும். ஓவியர் முதலில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டே மலையை வரைகிறார். பச்சைப் புள்ளி, எடை, விலை, முகவரி ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். சிக்கரி கலந்திருந்தால் விழுக்காட்டைச் சொல்ல வேண்டும். அது 49-க்கு மேல் போகக் கூடாது.

படங்களில் வருபவை பெரும்பாலும் பறவை, மூடுபனி, நிழல்மரம். இவை பொய்யில்லை. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறிய நிழலில்தான் இங்கே காபி வளர்கிறது. கோடையின் முதல் மழைக்குப்பின் சில நாள்களில் தோட்டமே மல்லிகை மணத்தோடு வெளுத்துப் பூப்பதை வரையாமல் இருக்கவும் முடியாது. ஆனால் பழம் பறிக்கும் பெண் இந்தப் படங்களில் அரிதாகவே தென்படுகிறாள். பழமெல்லாம் ஒருசேரப் பழுப்பதில்லை. ஒரே செடிக்கு அவள் மூன்று நான்கு முறை திரும்பி வந்து, சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து, காயை விட்டுவைக்கிறாள். லேபிள் பெருமையோடு சொல்லும் சுவை அந்த விரல்களில் தொடங்குகிறது. கார்த்திகை, மார்கழிக் குளிரில் மஞ்சக்குட்டைச் சரிவுகளில், இடுப்பில் பை கட்டிய அவளை இன்றும் காணலாம்.