நுங்கம்பாக்கத்துக் கணக்கில் ஒரு கிரகம்

உலகத்தில் எது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டாலும், "இது நம்ம ஊர்ல அப்பவே இருந்தது" என்று சொல்ல நம் வீடுகளில் ஒருவராவது இருப்பார். மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல அச்சடித்த ஆதாரமே உண்டு. ஆனால் அதைக் கடைசி வரை படித்தால் கதை வேறு பக்கம் போகிறது. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவன், வானியல் என் துறை இல்லை. இது கணக்கு டேலி ஆகாத கதை என்பதால் எனக்குப் பிடிபட்டது.

1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக ஒரு வான் ஆய்வகம் வைத்தார். 1792-ல் அது கம்பெனியின் ஆய்வகமாக நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. 1855-ல் அதன் தலைவராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப். அவர் கவனித்தது '70 ஒபியுகி' என்ற இரட்டை நட்சத்திரத்தை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 88 வருடம் ஆகும். கணக்குப்படி அவை இருக்க வேண்டிய இடம் ஒன்று, தொலைநோக்கியில் தெரிந்த இடம் வேறு. லெட்ஜருக்கும் பாஸ்புக்குக்கும் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்கே இழுத்துக்கொண்டிருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் எழுதினார். அளந்த எண்களை வைத்து, சூரியன் அல்லாத நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் இது ஒன்று.

ஆனால் அது நிற்கவில்லை. 1890-களில் அமெரிக்காவில் டி.ஜே.ஜே. சீ என்பவர் அதே நட்சத்திரத்தில் 36 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் இருண்ட பொருள் இருப்பதாகச் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அந்தப் பாதை நிலைக்காது என்று 1899-ல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஜேக்கப் சொன்ன கிரகமும் பின்னால் வந்த அளவுகளில் தட்டுப்படவில்லை. எங்கள் வங்கியில் இந்த மாதிரி வித்தியாசத்தை, காரணம் தெரியும் வரை சஸ்பென்ஸ் கணக்கில்தான் போட்டு வைப்போம். உடனே ஒருவர் பேரில் பற்று எழுதிவிடக் கூடாது.

அந்தக் கணக்கு நேராக 140 வருடம் ஆயிற்று. 1995 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே க்வெலோவும் '51 பெகாசி' நட்சத்திரத்துக்கு ஒரு கிரகம் இருப்பதாக அறிவித்தார்கள். வழி எளிமையானது. குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றும் அப்பாவைப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டமாகப் பறக்கும்போது அப்பாவும் லேசாக ஆடுவார். அதேபோல் கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் ஆடும். நம் பக்கம் வரும்போது அதன் ஒளி துளி நீலத்துக்கும், விலகும்போது துளி சிவப்புக்கும் நகரும். 51 பெகாசியின் ஆட்டம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்.

எல்லோரையும் திகைக்க வைத்தது அதன் சுற்றுக்காலம். நம் வியாழன் சூரியனைச் சுற்ற சுமார் 12 வருடம். இதுவோ வியாழனில் பாதி எடையாவது உள்ள கிரகம், 4.2 நாளில் ஒரு சுற்று! அவ்வளவு பெரிய கிரகம் நட்சத்திரத்தை அவ்வளவு ஒட்டி இருக்கும் என்று யாரும் தேடவில்லை. இத்தனைக்கும் 1952-லேயே ஓட்டோ ஸ்ட்ரூவே என்ற வானியலாளர், இப்படி நெருங்கிச் சுற்றும் கிரகங்கள் இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று எழுதி வைத்திருந்தார்.

இந்தத் தடவை செக்கரும் இருந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு மேக்கர்-செக்கர் தெரியும். ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்தால்தான் கணக்கில் ஏறும். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அமெரிக்காவின் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் தங்கள் கருவியில் பார்த்து அதே 4.2 நாளைக் கண்டார்கள். 1999-ல் எச்டி 209458 என்ற நட்சத்திரத்தின் முன்னால் ஒரு கிரகம் கடந்து போனபோது ஒளி 1.5 சதவீதம் அளவுக்கு மங்கியதையும் அளந்தார்கள். ஆட்டம் எடையைச் சொன்னது, மங்கல் அளவைச் சொன்னது. இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி வந்துவிட்டது: தண்ணீரை விடக் குறைவு. 2001-ல் அதன் காற்றில் சோடியம் இருப்பதும் தெரிந்தது. மேயருக்கும் க்வெலோவுக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது.

சரி, நாம் பிழைக்க வந்த ஹைதராபாதுக்கு இதில் என்ன பங்கு? இங்கே 1901-ல் நவாப் ஜஃபர் ஜங் தொடங்கிய நிஜாமியா ஆய்வகம் பின்னர் பேகம்பேட்டில் இயங்கியது. உலகம் முழுக்க வானத்தைப் பங்கு பிரித்துப் படம் எடுத்த திட்டத்தில் ஹைதராபாதுக்கும் ஒரு பங்கு வந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்து புத்தகமாக்கினார்கள். உலக ஆய்வகங்களின் அந்தப் பழைய அளவுகள், 2000-ல் வந்த டைக்கோ-2 பட்டியலில் செயற்கைக்கோள் அளவுகளோடு சேர்ந்து, நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று கணக்கிட உதவின.

அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தவரின் மகன்தான் வைணு பாப்பு. சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்தவர், ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவர். 2021-ல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அபு மலையில் இருந்த கருவியால், 3.2 நாளில் சுற்றும் டிஓஐ-1789பி என்ற பெரிய கிரகத்தின் எடையை அளந்தார்கள். அதற்கு முன், 2019-ல், சுமார் இரண்டு நாளில் சுற்றும் இன்னொரு கிரகத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை இந்தியாவுக்கு வந்தது. நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் பெயர், கிரகத்துக்கு 'சந்தமசா'.

"முதல் கிரகத்தைக் கண்டது சென்னை" என்று பிள்ளைகளிடம் பெருமை பேசலாம், பள்ளியில் யாராவது கேள்வி கேட்டால் அது உடைந்துவிடும். ஜேக்கப் முடிவை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் எழுதி வைத்தார், அதனால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது என்று சொன்னால் உடையாது. பேகம்பேட்டில் அளந்து எழுதியவர்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியாது, அவர்கள் எண்கள் மட்டும் இன்னும் புழங்குகின்றன.

லீவுக்குச் சென்னை போனால், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. வாசலில் அனுமதி கேட்டு, பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.