உயிர் பெறாத டெக்

சில வாரங்களுக்கு முன்னர் இலண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாயார் நடந்து திரிந்த, பேசிச் சிரித்த காட்சிகள் அடங்கிய ஒரேயொரு வீடியோ நாடா, பல்லாண்டுகளாகப் பயன்படுத்தாத டெக் ஒன்றின் வயிற்றுக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றது. மின்சாரம் கொடுத்தால் மணிக்கூட்டு இலக்கங்கள்கூட ஒளிரவில்லை. "இனி எறிய வேண்டியதுதானா?" என்று கேட்டார். எறிய வேண்டாம் என்று உடனடியாகவே கூறினேன். அவ்வாறு கூறும் துணிவை எனக்குத் தந்தவர் யாழ்ப்பாணத்தில் நான் அறிந்திருந்த ஒரு வானொலி திருத்துநர்.

வீட்டு வீடியோவின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் இங்கு சொல்ல வேண்டும். 1975 இல் சொனி நிறுவனம் பெற்றாமக்ஸ் முறையையும், 1976 இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையையும் யப்பானில் அறிமுகம் செய்தன. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோரின் பெட்டிகளோடு டெக்குகளும் வந்திறங்கின. வாடகைக்கு டெக்கும் தொலைக்காட்சியும் எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை நாங்கள்.

அக்காலத்து டெக்குகள் பெரும்பாலானவற்றில் கனமான இரும்பு நிலைமாற்றி ஒன்று இருந்தது. அது 230 வோல்ற் ஆடலோட்டத்தைக் குறைத்துக் கொடுக்க, சீராக்கியும் ஒழுங்காக்கியும் அதனை மோட்டார்களுக்கு 12 வோல்ற், கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கு 5 வோல்ற் எனப் பிரித்து வழங்கின. பல யப்பானிய டெக்குகளில் இந்த ஒழுங்காக்கும் பணியை எஸ்.ரி.கே. என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு கரிய கட்டி செய்தது. நாட்செல்ல நாட்செல்ல வெப்பத்தால் அது பழுதடையும். அப்போது மணிக்கூடு ஒளிரும். ஆனால் நாடா சுழலாது. பார்ப்பவர்கள் மோட்டார் பழுது என்று எண்ணி ஏமாறுவார்கள்.

பின்னர் நிலைமாற்றி சுருங்கிற்று. ஆளி முறை மின்வழங்கல் வந்தது. இது வீட்டு மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ற் நேரோட்டமாக்கி, அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சிறிய நிலைமாற்றி ஒன்றினூடாக இறக்குகின்றது. பாரம் குறைவு, வீண்வெப்பமும் குறைவு. ஆனால் அது ஒரு புதிய நோயையும் கொண்டு வந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணம் மின்சாரத்தை இழந்தது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எப்போதாவது மண்ணெண்ணெயில் இயங்கும் சிறு ஜெனரேற்றரை வாடகைக்குப் பிடித்துப் படம் போடுவார்கள். டெக்குகளோ பெரும்பாலும் துணியால் மூடப்பட்டு மூலையில் கிடந்தன. 1996 இன் பின்னர் மின்சாரம் கட்டங்கட்டமாகத் திரும்பியபோது அவற்றிற் பல உயிர் பெறவில்லை. பழுதாக்கியவர் எவருமில்லை, மூடி வைக்கும்போது நன்றாக ஓடிய டெக்குகள் அவை.

இதன் காரணத்தை அந்தத் திருத்துநர் எனக்கு விளக்கினார். ஆளி முறை மின்வழங்கல் தொடங்குவதற்குப் பெரிய பெறுமானமுடைய தடையி ஒன்றும் சிறிய மின்பகுப்புக் கொள்ளளவி ஒன்றும் தேவை. டெக் ஓய்விலிருந்தாலும் இப்பகுதி இரவு பகலாகச் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டில் கொள்ளளவியின் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்ல வற்றுகின்றது. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையினரின் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் குறை தெரியாது. ஒருமுறை மின்சாரம் நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடி தொடங்கும் வலு அதற்கில்லை. சில ரூபா பெறுமதியான பொருளொன்று முழு டெக்கையும் பிணமாக்கிவிடும்.

நானோ செய்தியாளன், தொழில்நுட்பம் கற்றவனல்லன். ஆயினும் அவர் நோயறியும் முறை எனக்கு நன்கு பிடித்திருந்தது. "எப்போது நின்றது? அதற்கு முன் என்ன நடந்தது?" என்பதே அவரது முதற் கேள்வி. எங்கள் தொழிலின் கேள்வியும் அதுவே.

அடுத்து உருகியைப் பார்ப்பார். அதன் கண்ணாடி கறுத்து வெடித்திருந்தால், சீராக்கி இருவாயிகளோ ஆளித் திரான்சிற்றரோ குறுக்குச் சுற்றாகியிருக்கும் என்பார். கூடிய அம்பியர் உருகியை இடுவதை அவர் ஒருபோதும் அனுமதித்ததில்லை. 60 வோற் மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்தே மின்சாரம் கொடுப்பார். குமிழ் பிரகாசமாக எரிந்துகொண்டேயிருந்தால் குறுக்குச் சுற்று இன்னும் உள்ளது. உருகி நன்றாக இருந்து, பெரிய கொள்ளளவியில் 325 வோல்ற்றும் இருந்து, வெளியீட்டில் ஒன்றுமில்லையெனில் தொடக்கத் தடையியையும் சிறு கொள்ளளவியையும் சந்தேகிப்பார். "ரிக், ரிக்" என்ற ஓசை கேட்டால், மின்வழங்கல் தொடங்க முயன்று தோற்கின்றது, அதற்கு அப்பால் ஏதோ சுமை அழுத்துகின்றது என்று பொருள். ஐயமிருந்தால் அச்சிறு கொள்ளளவியை மேசை விளக்கின் அருகில் வைத்துச் சூடாக்குவார். டெக் விழித்துக்கொண்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

அயலிலிருந்த ஒரு மூதாட்டியின் டெக்கும் இப்படித்தான் விழித்தது. வெளிநாட்டில் நடந்த மகனின் திருமணத்தை, நாடா வந்து சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து அவர் அன்றுதான் பார்த்தார். படம் முடிந்த பின்பும் அவர் எழுந்திருக்கவில்லை. திருத்துநர் கூலி வாங்கவுமில்லை.

நண்பருக்கு நான் கூறியதை வாசகர்களுக்கும் கூறி முடிக்கின்றேன். பல்லாண்டு உறங்கிய டெக்கை நேரடியாக மின்சாரத்தில் செருகாதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவி உயிராபத்தான மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கலாகாது. அகப்பட்ட நாடாவை இழுக்கவும் வேண்டாம். அறிந்தவர்கள் மோட்டாரைக் கையாற் சுழற்றியே அதனை மீட்டுவிடுவார்கள். வீட்டு டெக் தயாரிப்பு 2016 இல் யப்பானின் பூனாய் நிறுவனத்தோடு முடிவுற்றது. திருத்தத் தெரிந்தவர்களும் முதுமையெய்தி வருகின்றார்கள். எம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இடப்பெயர்வுகளில் நிழற்படங்களும் வீடுகளும் போய்விட்டன. எஞ்சியிருப்பது சிலவேளை ஒரு நாடா மட்டுமே. டெக் இறந்துவிட்டது என்று எண்ணி அதனைக் குப்பையிற் போடுவதற்கு முன்னர், இறந்தது அந்தச் சிறு கொள்ளளவி மட்டும்தானா என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.