சன்மானமும் விதியும்: ஸ்டீம் சமூகத்தின் அநுபவம்

எழுத்துக்குச் சன்மானம் அளிக்கும் இணையச் சமூகங்களில் நியாயம் என்பது பங்கீட்டுக் கணக்கில் அடங்குகிறதா, அல்லது அக்கணக்கை வகுப்பவர் யார் என்பதைப் பொறுத்ததா என்று ஆராயப் புகுவோர்க்கு, 2016இல் நெட் ஸ்காட், டான் லாரிமர் என்னும் இருவர் தொடங்கிய ஸ்டீமிட் தளத்தின் சரித்திரத்தைப் போலத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அங்கே ஒரு பதிவைப் படித்தவர்கள் வாக்களிப்பார்கள். ஸ்டீம் என்னும் கிரிப்டோ நாணயம் இடையறாது புதிதாகச் சேரும் பொதுநிதியிலிருந்து, அவ்வாக்குகளின் வலிமைக்கு ஏற்பப் பதிவருக்கும் வாக்களித்தவர்களுக்கும் பங்கு கிடைக்கும். வாக்கின் வலிமையோ ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒருவர் முடக்கிவைத்த நாணயத்தின் அளவே அதை நிர்ணயித்தது. ஆரம்பத்தில் அவ்வளவின் வர்க்கத்தைக் கொண்டே பங்கு கணக்கிடப்பட்டபடியால், ஆயிரம் நாணயம் உடையவர் தனித்து அளித்த வாக்கு ஒரு பதிவுக்கு ஒரு பங்கு ஈட்டித் தந்தால், பதினாயிரம் உடையவரின் வாக்கு நூறு பங்கு ஈட்டித் தந்தது. இந்த அநீதி பிரத்தியட்சமாகத் தெரிந்த பின், 2017 ஜூனில் கணக்கு நேர்விகிதமாக மாற்றப்பட்டது. உடனே தம் பதிவுக்குத் தாமே வாக்களிப்பதும், வாக்கை விலைக்கு விற்கும் தானியங்கிக் கணக்குகளும் பெருகின. அதைத் தடுக்க 2019 ஆகஸ்டில் வந்த திருத்தம், பதிவரின் பங்கை நூற்றுக்கு 75இலிருந்து 50 ஆகக் குறைத்து, வாக்களிப்போர் பங்கை 25இலிருந்து 50 ஆக உயர்த்தியது. வாக்கை விற்றவர்களின் குற்றத்துக்கு எழுதினவர்கள் கூலியில் பிடித்தம் செய்ததை எவ்விதத்திலும் நியாயம் என்று கூற இயலாது.

இதனோடு, 2008இல் தோன்றிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை ஒப்பிடலாம். அங்கே மதிப்புப் புள்ளியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. தம் விடைக்குத் தாமே வாக்களிக்கவும் முடியாது. பிறர் விடைக்கு எதிர்வாக்கு அளிப்பவர் தம்முடைய புள்ளி ஒன்றை இழக்கவேண்டும். பிறரைக் குறைகூறும் உரிமைக்கு ஒரு சிறு விலை வைத்த இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்டீமின் அடிப்படைக் கோளாறு வேறிடத்தில் இருந்தது. விதிகளை ஏற்று நடத்தும் 'சாட்சிகள்' என்போரில் முதல் இருபதின்மரைத் தேர்ந்தெடுத்ததும் அதே நாணய பலந்தான். ஆகையால் பயனடைவோரே தம் வழக்குக்கு நீதிபதிகளாயினர். 2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்பவர் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கியதும், சாட்சிகள் அந்நிறுவனத்தின் நாணயத்தைச் செயலிழக்கச் செய்தார்கள். மார்ச் மாதத்தில் சில நாணயச் சந்தைகள், தம்மிடம் வாடிக்கையாளர் ஒப்படைத்திருந்த நாணயத்தைக் கொண்டே சன் தரப்பினருக்கு வாக்களித்து அச்சாட்சிகளை அகற்றின. மார்ச் 20 அன்று எதிர்ப்பாளர்கள் பிரிந்து ஹைவ் என்னும் புதுச் சமூகத்தை நிறுவினர்.

அவர்களிடம் எனக்கு அநுதாபம் உண்டு. எனினும், புதிய நாணயத்தைப் பங்கிட்டபோது, சன் தரப்புச் சாட்சிகளுக்கு வாக்களித்த சில கணக்குகளை அவர்கள் விலக்கினர். வாக்களித்த நாளில் எந்த விதியும் குற்றம் என்று சொல்லாத செயலுக்குப் பின்னர் விதிக்கப்பட்ட தண்டனை அது. பாதிக்கப்பட்டவர் செய்தார் என்பதனால் அது நியாயமாகிவிடாது. புதிதாக முடக்கப்படும் நாணயம் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க முப்பது நாள் காத்திருக்கவேண்டும் என்று ஹைவ் பிற்பாடு விதித்தது நல்ல காப்பே. ஆயினும் முப்பது நாள் கழிந்தபின் அங்கும் வாக்கின் வலிமையை நிர்ணயிப்பது நாணயத்தின் அளவேயாகும்.