248 நாள் முதலிடம், கையில் கோப்பை இல்லை: ஆர்சனல் 2022-23 பட்டத்தை எங்கே விட்டது? ரசிகர்கள் இன்னும் அடிச்சுக்கற 'பிளேயிங் லெவன்' விவகாரம்

ஆர்சனல் ரசிகர் யாரிடமாவது '2023 மார்ச் 16' என்று மட்டும் சொல்லிப் பாருங்க. முகம் மாறிடும். அன்று இரவு நடந்தது பிரீமியர் லீக் போட்டியே இல்லை. ஆனா அந்த ஆண்டு லீக் பட்டம் கைநழுவ ஆரம்பிச்சது அங்கேதான் என்று ஒரு பிரிவு ரசிகர்கள் சத்தியம் செய்வாங்க. 'அதெல்லாம் சாக்கு, பயந்து விட்டாங்க' என்பது இன்னொரு பிரிவு. யார் சொல்றது சரி? போட்டி போட்டியாக பார்க்கலாம்.

பட்டம் எப்படி முடிவாகுது?

புதுசா பார்க்கறவங்களுக்கு மட்டும் சுருக்கமா. பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லோருடனும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை மோதும். மொத்தம் 38 போட்டி. ஜெயிச்சா 3 புள்ளி, டிரா என்றால் 1. ஐபிஎல் மாதிரி பிளே ஆஃப், ஃபைனல் எதுவும் கிடையாது. சமமா வந்தா கோல் வித்தியாசம் பார்ப்பாங்க. 2012-ல் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் 89 புள்ளியில் நின்றபோது சிட்டி பட்டம் வாங்கினது அப்படித்தான்.

அதனாலதான் டிரா என்பது இங்கே பாதி தோல்வி. இதை நினைவில் வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

மார்ச் வரை என்ன நிலைமை?

ஆர்சனல் கடைசியா லீக் ஜெயிச்சது 2003-04-ல். வெங்கர் காலம், ஒரு தோல்விகூட இல்லாத சீசன். அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட 20 வருஷ வறட்சி. 2019 டிசம்பரில் பயிற்சியாளரா வந்த மிக்கெல் ஆர்டெட்டா முன்பு இதே அணியின் கேப்டன். இடையில் மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலாவுக்கு உதவியாளரா இருந்தவர். அதாவது குருவோடுதான் பட்டப் போட்டி.

2022 கோடையில் சிட்டியிலிருந்தே கேப்ரியல் ஜெசுஸையும் சின்செங்கோவையும் வாங்கினார். பிரான்சில் கடனுக்கு ஆடிக்கொண்டிருந்த வில்லியம் சலிபா திரும்பி வந்தார். சென்டர் பேக்காக இருந்த பென் ஒயிட்டை வலது ஓரத்துக்கு, ரைட் பேக் இடத்துக்கு தள்ளிட்டு, நடுவில் சலிபாவையும் கேப்ரியலையும் நிறுத்தினார். அணி சும்மா பறந்தது. பாதி சீசனில், 19 போட்டியில் 50 புள்ளி. கத்தார் உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு ஆடும்போது ஜெசுஸ் முழங்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார். அப்பவும் என்கேட்டியா வந்து கோல் அடிச்சார், வண்டி நிற்கலை.

ஆர்டெட்டா அணியை அதிகம் மாத்த மாட்டார் என்பது அப்பவே எல்லாருக்கும் தெரியும். கோல்கீப்பர் ராம்ஸ்டேல், டிஃபெண்டர் கேப்ரியல், விங்கர் சாகா மூன்று பேரும் அந்த சீசனின் 38 லீக் போட்டியிலும் களத்தில் இருந்தாங்க. ஜெயிக்கிற அணியை ஏன் கலைக்கணும் என்பது ஒரு வாதம். 'மார்ச், ஏப்ரலில் கால் ஓயும்போது பார்ப்போம்' என்று முணுமுணுத்தவங்களும் இருந்தாங்க.

மார்ச் 16 அன்று ஆர்சனல் 27 போட்டியில் 66 புள்ளி, சிட்டி 27 போட்டியில் 61.

அந்த ஒரு இரவு

யூரோப்பா லீக், லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணிக்கு எதிரான இரண்டாவது போட்டி. லீக் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இந்த இரண்டாம் நிலை ஐரோப்பியக் கோப்பையில் முக்கிய டிஃபெண்டர்களை இறக்கணுமா? ரசிகர்களின் முதல் சண்டை இதுதான்.

ஆர்டெட்டா இறக்கினார். பத்து நிமிஷத்துக்குள் டோமியாசு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போனார். இருபது நிமிஷம் தாண்டினதும் சலிபா, முதுகு வலி. பெனால்டி ஷூட்அவுட்டில் ஆர்சனல் அந்தக் கோப்பையிலிருந்தும் வெளியேறியது. இரண்டு பேரும் அந்த சீசனில் திரும்ப ஆடவே இல்லை.

சலிபா போனது மட்டும் பிரச்சினை என்று நினைச்சா பாதிதான் புரிஞ்சுக்கிட்டோம். டோமியாசு இருந்திருந்தா அவரை ரைட் பேக் ஆக்கிட்டு, சென்டர் பேக் வேலை தெரிந்த பென் ஒயிட்டை நடுவுக்குக் கொண்டு வந்திருக்கலாம். ஒரே இரவில் இரண்டு பேரும் போனதால் அந்தக் கதவும் மூடிடுச்சு. மிச்சம் இருந்தது ராப் ஹோல்டிங். இல்லைன்னா ஜனவரியில் இத்தாலியிலிருந்து வந்த போலந்து ஆட்டக்காரர் யாக்குப் கிவியோர். அவர் இடது கால்காரர், சலிபா நின்ற வலப்பக்கம் பழக்கமில்லாதவர்.

ஆர்டெட்டா ஹோல்டிங்கைத் தேர்வு செய்தார்.

ஹோல்டிங் விவகாரம்: எண்கள் என்ன சொல்லுது?

சலிபா ஆடிய 27 லீக் போட்டியில் ஆர்சனல் வாங்கிய கோல்கள் 25. அவர் இல்லாத 11 போட்டியில் 18. போட்டிக்கு ஒரு கோல்கூட முழுசா இல்லாத நிலையிலிருந்து ஒன்றரைக்கும் மேல் போச்சு. ஹோல்டிங் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆறு போட்டியை மட்டும் எடுத்தா 13 கோல்.

பார்த்தீங்களா, ஹோல்டிங்தான் காரணம் என்று இங்கேயே கதையை முடிக்கறவங்க நிறைய. அது அநியாயம். ஆறில் முதல் இரண்டு போட்டியில், கிரிஸ்டல் பேலஸ், லீட்ஸ் இரண்டுக்கும் எதிரா, 4-1 என்று ஜெயிச்சாங்க. ஏப்ரல் 1 இரவு 29 போட்டியில் 72 புள்ளி. ஒரு போட்டி குறைவா ஆடியிருந்த சிட்டி எட்டு புள்ளி பின்னால். அப்போ யாரும் ஹோல்டிங்கைத் திட்டலை.

உண்மையான சிக்கல் ஆள் இல்லை, அமைப்பு. ஆர்சனல் எதிரணியை அவங்க பாதியிலேயே மடக்கி ஆடும் அணி. அதுக்கு டிஃபென்ஸ் வரிசை மைதான நடுக்கோடு வரை ஏறி நிற்கணும். பின்னால் பெரிய காலி இடம் இருக்கும். யாராவது அங்கே பந்தைத் தூக்கிப் போட்டா ஓடிப்பிடிக்க சலிபாவின் வேகம் இருந்தது. ஹோல்டிங்குக்கு அந்த வேகம் கிடையாது. அதனால வரிசை சில அடி பின்னாடி போகும், முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டருக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கும் வேலை தாமஸ் பார்ட்டேவின் தலையில் விழுந்தது. அவரும் சரியா அந்த வாரங்களில் ஃபார்ம் இழந்தார். ஒரு செங்கல்லை உருவினா பக்கத்துச் செங்கல்லும் ஆடும் இல்லையா, அந்தக் கதை.

மூன்று டிரா, ஒரு அடி

ஏப்ரல் 9, லிவர்பூல் மைதானம். 28 நிமிஷத்தில் ஆர்சனல் 2-0. முடிவு 2-2. 87-வது நிமிஷம் ஃபிர்மினோ தலையால் முட்டி சமன் செய்தார். அங்கே டிரா ஒன்றும் அவமானம் இல்லை, அதுவும் கடைசியில் ராம்ஸ்டேல் காப்பாற்றலைன்னா அதுவும் போயிருக்கும்.

ஏப்ரல் 16, வெஸ்ட் ஹாம். பத்தே நிமிஷத்தில் 2-0. பிறகு 2-1. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கிடைக்குது, சாகா வெளியே அடிக்கிறார். இரண்டு நிமிஷத்தில் போவன் கோல், 2-2. இதுக்கும் சலிபா இல்லாததுக்கும் என்ன சம்பந்தம்? 'பயந்துட்டாங்க' பிரிவின் கையில் இருக்கும் பலமான ஆதாரம் இதுதான்.

ஏப்ரல் 21, சொந்த மைதானத்தில் சவுத்தாம்ப்டன். பட்டியலில் கடைசி இடத்து அணி. ஆட்டம் தொடங்கி அரை நிமிஷத்துக்குள் ராம்ஸ்டேல் பந்தை நேரா எதிரணிக்குக் கொடுத்தார், கோல். 88-வது நிமிஷம் வரை 1-3. கடைசி மூச்சில் ஒடேகார்டும் சாகாவும் அடிச்சு 3-3 ஆக்கினாங்க. என்னைக் கேட்டா பட்டம் போனது இந்த இரவில்தான். லிவர்பூலிலும் வெஸ்ட் ஹாமிலும் விட்ட நாலு புள்ளியைச் சேர்த்தாலும் ஆர்சனலின் கணக்கு 88-தான் வந்திருக்கும். சிட்டி முடிச்சது 89. சவுத்தாம்ப்டனையும் ஜெயிச்சிருந்தா மட்டும்தான் 90.

அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு, நம்ம ஊர் நேரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, சிட்டி மைதானம். அப்பவும் ஆர்சனல் அஞ்சு புள்ளி முன்னால், ஆனா சிட்டி இரண்டு போட்டி குறைவா ஆடியிருந்தது. டி ப்ரூய்னே இரண்டு, ஸ்டோன்ஸ் ஒன்று, ஹாலண்ட் ஒன்று. 4-1. ஆர்சனலின் ஒரே கோலை அடிச்சவர் யார் தெரியுமா? ராப் ஹோல்டிங்.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கு. அந்த சீசனில் சிட்டி ஆர்சனலை பிப்ரவரியில் 3-1, ஏப்ரலில் 4-1 என இரண்டு முறையும் வென்றது. இரண்டும் டிரா ஆகியிருந்தா? ஆர்சனல் 86, சிட்டி 85. நேரடிப் போட்டியை 'ஆறு புள்ளி மேட்ச்' என்று சொல்றது சும்மா இல்லை. நமக்குக் கிடைக்கிறதோடு அவங்களுக்குப் போறதும் நிற்குது. பிப்ரவரிப் போட்டியில் சலிபா ஆடினார் என்பதையும் 'காயம்தான் காரணம்' பிரிவு கொஞ்சம் யோசிக்கணும்.

(ஒரு எச்சரிக்கை: பட்டம் உறுதியான பிறகு சிட்டி கடைசி போட்டிகளில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தது. நெருக்கடி இருந்திருந்தா இன்னும் புள்ளி எடுத்திருக்கும். அதனால இந்தக் கணக்கெல்லாம் பேச்சுக்குத்தான்.)

அப்போ கிவியோரை முன்னாடியே இறக்கியிருக்கலாமா?

மே 2 அன்று செல்சீக்கு எதிரா ஹோல்டிங்கை உட்கார வச்சு கிவியோரை இறக்கினார் ஆர்டெட்டா. பார்ட்டேவுக்குப் பதில் ஜோர்ஜினோ. 3-1 வெற்றி. அடுத்து நியூகாசிலில் 2-0. 'இதை மூணு வாரம் முன்னாடி செஞ்சிருந்தா' என்ற குரல் இன்னும் அடங்கலை. ஆனா அதே கிவியோர் இருந்த அணிதான் அடுத்து பிரைட்டனிடம் 0-3 வாங்கியது. மே 20 அன்று நாட்டிங்ஹாமில் 0-1 தோத்ததும் சிட்டி சாம்பியன்.

கடைசி 9 போட்டியில் மூன்று வெற்றி, மூன்று டிரா, மூன்று தோல்வி. 12 புள்ளி. முடிவில் 84. மொத்தம் 248 நாள் முதலிடத்தில் இருந்தும் பட்டம் வாங்காதது இங்கிலாந்து முதல்நிலை லீக் வரலாற்றில் இதுதான் அதிகம்.

சிட்டி என்ன வித்தியாசமா செய்தது?

கார்டியோலா ஜனவரியில் கான்செலோவையே ஜெர்மனிக்கு அனுப்பிட்டார். அவங்க ரசிகர்களே தலையைப் பிச்சுக்கிட்டாங்க. ஆனா அவரிடம் டியாஸ், ஸ்டோன்ஸ், அகாஞ்சி, ஆக்கே என நாலு சென்டர் பேக் தயாரா இருந்தாங்க. நாலு பேரையும் சேர்த்து இறக்கி, ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றி ஆட வைத்தார். ஒருத்தர் காயமானாலும் அமைப்பு மாறாது. அந்த ஆண்டு மூன்று கோப்பை.

'மாறாத பதினொரு பேரை வச்சே லெஸ்டர் ஜெயிக்கலையா?' என்று கேட்கலாம். 2015-16-ல் ரானியேரியின் லெஸ்டர் 81 புள்ளியோடு பட்டம் வாங்கினது உண்மை. கேப்டன் மோர்கனும் கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் ஒரு நிமிஷம்கூட வெளியே உட்காரலை. ஆனா அவங்களுக்கு ஐரோப்பியப் போட்டியே இல்லை, உள்ளூர் கோப்பைகளிலும் சீக்கிரம் வெளியேறிட்டாங்க. வாரத்துக்கு ஒரு போட்டி. வியாழக்கிழமை இரவு ஸ்போர்ட்டிங் மாதிரி ஒன்று அவங்களுக்கு இருந்ததே இல்லை.

அடுத்து என்ன ஆச்சு?

ஹோல்டிங் அந்த ஆண்டே கிரிஸ்டல் பேலஸுக்குப் போயிட்டார். டிஃபென்ஸுக்கு யூரியன் டிம்பர், நடுக்களத்துக்கு டெக்லன் ரைஸ் வந்தாங்க. டிம்பர் லீக்கில் தன் முதல் போட்டியிலேயே முழங்கால் காயம் பட்டார், அது தனிச் சோகம். ஆனா சலிபா 2023-24-ல் 38 லீக் போட்டியிலும் முழுசா ஆடினார். வாங்கிய கோல் 43-லிருந்து 29 ஆகக் குறைஞ்சது. ஆர்சனல் 89 புள்ளி எடுத்தது, அதாவது முந்தைய ஆண்டு சிட்டிக்குப் பட்டம் கொடுத்த அதே எண்ணிக்கை.

சிட்டி 91 எடுத்தது. ஏப்ரலில் சொந்த மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 தோத்த அந்தப் போட்டியில் யாரை இறக்கியிருக்கணும் என்பதுதான் அதுக்கப்புறம் ரசிகர்களின் புது சண்டை.