பிறை தாங்கிய இசைக்கோல்

மேனாட்டுப் பல்லியம் ஐரோப்பாவின் தனிச்சொத்து என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் பின்வரிசையில் பெருமுரசும் தாளங்களும் இடம்பெற வழி திறந்தது உதுமானியரின் படையிசை என்பதை அறிந்தோர் சிலரே.

உதுமானியப் பேரரசின் ஜானிஸரிப் படையினருக்கு ‘மெஹ்தர்’ எனும் இசைக்குழு இருந்தது. பெருமுரசும் நகராவும் அதிர, ஸுர்னாவும் எக்காளமும் ஊத, வெண்கலத் தாளங்கள் மோத, அது போர்க்களத்தில் முழங்கும். பாடுவோர் கையில் ‘செவ்கான்’ இருக்கும். அது, உச்சியில் பித்தளைப் பிறையும் அதில் சிறுமணிகளும் தொங்கும் கோல். அடித்தோ ஊதியோ அதை இசைப்பதில்லை; அசைத்தால் போதும், மணிகள் கலகலக்கும்.

1683ஆம் ஆண்டு வியன்னா நகரை உதுமானியப் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. ஆயினும், அந்நகரை அச்சுறுத்திய ஓசை பின்னர் அந்நகரையே கவர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மன்னர்கள் தம் படைகளுக்கும் அத்தகைய இசைக்குழுக்களை அமைத்தனர். 1782இல் அதே வியன்னாவில் மோட்சார்ட், துருக்கிய அரண்மனையைக் களமாகக் கொண்ட தம் இசை நாடகத்தில் முரசு, தாளம், முக்கோணக் கம்பி ஆகியவற்றை ஒலிக்கச் செய்தார். 1794இல் ஹைடன் தம் நூறாவது சிம்பொனியிலும், 1824இல் பீத்தோவன் தம் ஒன்பதாவது சிம்பொனியிலும் அவற்றைக் கையாண்டனர். 1840இல் பெர்லியோஸ் அந்த அசைக்கும் கோலையே தம் படைப்பொன்றில் சேர்த்தார். ஆங்கிலேயர் அதைத் ‘துருக்கிப் பிறை’ என்றனர். தொப்பி வடிவ அணியொன்றையும் அதிற்கண்ட பிரெஞ்சுக்காரரோ ‘சீனத் தொப்பி’ என்றனர். பெயரிலேயே பிறப்பிடம் மறைந்தது!

இதனினும் வருந்தத்தக்கது தாயகத்தில் நிகழ்ந்தது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரிப் படையைக் கலைத்தார். அதனோடு மெஹ்தரும் ஓய்ந்தது. 1828இல் இத்தாலியரான ஜுசெப்பே டொனிசெட்டி இஸ்தான்பூலுக்கு வரவழைக்கப்பட்டு, ஐரோப்பிய முறையிலான படையிசையைப் பயிற்றுவித்தார். உலகுக்குப் படையிசை கற்பித்தவர்கள், தம் மாணவரிடமே பாடம் கேட்க அமர்ந்தனர். 1914இல்தான் மெஹ்தருக்கு மீண்டும் உயிரூட்டினர். இன்று இஸ்தான்பூல் இராணுவ அருங்காட்சியகத்தில் அதன் முழக்கத்தைக் கேட்கலாம். ஜெர்மானியப் படையிசைக் குழுக்களோ மணிகள் தொங்கும் அக்கோலை இன்றும் ஏந்தி நடக்கின்றன.

புதியதைக் கற்பது குறையன்று. அதற்காக உள்ளதை ஊமையாக்குவதே குறை. நம் தர்காக்களில் ஒலிக்கும் நகரா, மெஹ்தரின் நகராவுக்கு உடன்பிறப்பு. அதன் ஓசையும் வரலாறும் நம் பிள்ளைகளின் செவிக்கு எட்டட்டும். அயலார் போற்றிய பின்னரே நம் செல்வத்தை நாம் மதிக்க வேண்டுமா?