பெற்றோரை இழந்த குழந்தைக்கு ‘ஹோம்’தான் ஒரே வழியா? சட்டம் சொல்வது என்ன? முழு விவரம்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை என்றாலே வக்கிரகாளியம்மன் கோயிலும் கல்மரப் பூங்காவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கல்குவாரி வேலை, விவசாயக் கூலி என அன்றாட வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்களும் இந்தப் பகுதியில் உண்டு. அப்படி ஒரு வீட்டில் அப்பா, அம்மா இருவரும் இல்லாமல் போனால் குழந்தை என்னவாகும்? “ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாம்” என்பதுதான் ஊரில் முதலில் எழும் பேச்சு. ஆனால், 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

முதலில் யாரிடம் சொல்வது?

ஆதரவில்லாமல் ஒரு குழந்தை இருப்பது தெரிந்தால் 1098 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லலாம். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட குழந்தைகள் நலக் குழு முன்பு ஆஜர்படுத்த வேண்டும். கண்டெடுத்த குழந்தையைப் பற்றித் தகவல் சொல்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் குற்றம்தான்.

குழு என்ன செய்யும்?

தலைவர், 4 உறுப்பினர்கள் கொண்ட இந்தக் குழு, குடும்ப நிலையை விசாரிக்க உத்தரவிடும். சமூக விசாரணையை 15 நாட்களில் முடித்து, 4 மாதங்களுக்குள் இறுதி முடிவு எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுதப்படும். ‘இந்தக் குழந்தை நிரந்தரமாக யாரோடு வளரும்?’ என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும்.

சொந்தபந்தம் இருந்தால்?

அதுதான் முதல் வாய்ப்பு. பாட்டி, சித்தி, மாமா என யாராவது வளர்க்கத் தயாராக இருந்து, பணம்தான் பிரச்சனை என்றால் அதற்கு உதவி உண்டு. ‘மிஷன் வாத்சல்யா’ நிதி ஆதரவுத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் ரூ.4,000 வழங்கப்படுகிறது. கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000 கிடைக்கும். வறுமையை மட்டுமே காரணம் காட்டி குழந்தையைக் குடும்பத்திடம் இருந்து பிரிக்கக் கூடாது என்பது 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்களிலும் உள்ளது.

யாருமே இல்லை என்றால்?

அப்போது தத்து. 2 வயது வரை உள்ள குழந்தையை 2 மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயது என்றால் 4 மாதங்களுக்குள்ளும், ‘தத்து கொடுக்கச் சட்டப்படி தகுதியானவர்’ என்று குழு அறிவிக்க வேண்டும். பெற்றோரே ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாற அவர்களுக்கு 2 மாத அவகாசம் உண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

“ஆஸ்பத்திரியிலேயே பேசி வாங்கிட்டோம்” என்பதெல்லாம் செல்லாது. ஆதரவற்ற குழந்தையை விதிகளை மீறித் தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பெற்றோர் உயிரோடு இருந்தும் வளர்க்க முடியாவிட்டால்?

சிக்கல் இங்கேதான். அப்பாவோ அம்மாவோ இருப்பதால் இந்தக் குழந்தையை உடனே தத்து கொடுக்க முடியாது. வீட்டுக்கும் அனுப்ப முடியாது. திட்டத்தை யாரும் தூசு தட்டிப் பார்க்காவிட்டால் வருஷங்கள் காப்பகத்திலேயே ஓடிவிடும். 18 வயது ஆனதும் வெளியே வர வேண்டியதுதான். அதன்பிறகு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி உண்டு. ஆனால், அது ஒரு குடும்பத்துக்கு ஈடாகாது.

இவர்களுக்கான வழிதான் வளர்ப்புப் பெற்றோர் திட்டம். 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதல்படி, 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தகுதியுள்ள குடும்பங்கள் வளர்க்கலாம். 35 முதல் 60 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத அல்லது துணையை இழந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். குழந்தை சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்றிருந்தால், 2 ஆண்டுகள் வளர்த்த பிறகு அவர்களே தத்தெடுக்கவும் முடியும்.

உறவினர்கள் கவனிக்க வேண்டியது

குழந்தை ஏற்கெனவே காப்பகத்தில் இருந்தாலும் கதவு அடைபடவில்லை. வளர்க்க விரும்பும் உறவினர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம் மனு கொடுக்கலாம். நிதி உதவி, வளர்ப்புப் பெற்றோர் திட்டம் பற்றிய விவரங்களுக்கு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.