கால் அடித்த தந்தி

கிரிக்கெட்டில் நாம் தோற்ற கதையிலிருந்து ஆரம்பிப்பதற்கு அன்பர்கள் மன்னிக்க வேண்டும். 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னில் சுருண்டது. செம்பூரில் எங்கள் அகத்தில் எல்லோரும் டி.வி. முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். ஆட்டக்காரர்கள் எடுத்த ரன்கள் 4, 9, 2, 0, 4, 0, 8, 4, 0, 4, 1. இவற்றை ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதி, இதை மறப்பதற்கான ஓ.டி.பி. இதுதான் என்று வீரேந்தர் சேவாக் ட்விட்டரில் போட்டார். என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஜோக்கின் தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன்.

1974 ஜூன் 24, லார்ட்ஸ். நம் பம்பாயின் அஜித் வாடேகர் கேப்டன். 17 ஓவரில் 42 ரன்னுக்கு ஆல் அவுட். 5, 0, 3, 5, 1, 18, 3, 2, 5, 0. அந்த 18 ஏக்நாத் சோல்கருடையது, நாட் அவுட். காயம்பட்ட சந்திரசேகர் ஆட இறங்கவே இல்லை. (அடிலெய்டிலும் ஷமி அடிபட்டு வெளியேறியதால்தான் இன்னிங்ஸ் முடிந்தது.) மறுநாள் காலை மாட்டுங்காவில் பேப்பரைப் பார்த்த மாடி வீட்டு மாமா, "இது என்ன ஸ்கோரா, டெலிபோன் நம்பரா?" என்றார். அவர் டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். லெட்டர்ஹெட்டில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்து வைத்திருந்தார்.

விளையாட்டுக்கும் இந்தச் சாதனங்களுக்கும் உறவு பழையது. இதே லார்ட்ஸில் 1846-ல் ஸ்கோர் போர்டு வைத்தபோது அதை 'டெலிகிராஃப்' என்றுதான் அழைத்தார்கள். அதில் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. தூரத்தில் இருப்பவனுக்குச் செய்தி தெரிகிறதே, அது போதும். அடிக்கப் போவதை முன்கூட்டியே உடம்பால் காட்டிக் கொடுத்துவிடும் குத்துச்சண்டைக்காரனையும் 'டெலிகிராஃப்' செய்துவிட்டான் என்றே இங்கிலீஷில் சொல்வார்கள்.

நம் தமிழ் செய்தது இன்னும் அழகு. தந்தி என்பது வீணைக் கம்பி. 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனையாகத் தொடங்கிய மின்கம்பிச் செய்திக்கும் பின்னாளில் அதே பெயரை வைத்தோம். ஹிந்தியிலும் மராட்டியிலும் 'தார்' என்பதும் இப்படித்தான், கம்பியும் அதுவே, செய்தியும் அதுவே. தந்தி ஆபீசில் 'கட கட' என்று தட்டும் ஓசையைக் கேட்ட நம்மவர்கள் அதை உடம்புக்குக் கொண்டுவந்தார்கள். மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தால், "பல்லு தந்தி அடிக்கறதுடா, துண்டை எடுத்துப் போத்திக்கோ" என்பாள் என் பாட்டி.

நம் அகத்துப் பேச்சு என்றே அதை நினைத்திருந்தேன். தாராவியிலும் அது உண்டு என்று தட்கர் மைதானத்தில் தெரிந்தது. மாட்டுங்கா லேபர் கேம்ப் பையன்கள் அங்கே எங்களோடு விளையாட வருவார்கள். பேரில்தான் மாட்டுங்கா, இடம் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள். கார்க் பந்தில் ஒருவன் வேகமாகப் போடுவான். நான் மட்டையோடு நிற்கும்போது ஸ்லிப்பிலிருந்து அவன் சிநேகிதன் கத்துவான்: "ஏலே, ஐயருக்குக் காலு தந்தி அடிக்கி!" உண்மையும் அதுதான், அடித்தது.

ஒரு நாள் ராத்திரி அந்த ஸ்லிப் பையன் எங்கள் வாசலில் நின்றான். கையில் ஒரு தந்தி. வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஃபோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்த என் அப்பா வாங்கிப் பார்த்தார். பாட்டி சீரியஸ், உடனே புறப்படவும் என்று நான்கைந்து வார்த்தை.

"பாட்டிக்கு உடம்பு முடியலையாம்ப்பா. உங்கப்பாவை இப்பவே கிளம்பச் சொல்லு" என்றார் அப்பா.

"சீரியஸ்னா, இருக்காங்கதான சார்?"

அப்பா பதில் சொல்லவில்லை. "சீக்கிரம் போ. நாளைக்கு மெயிலைப் பிடிக்கணும்" என்றார். அவன் போன பிறகு அம்மா மெதுவாக, "முடிஞ்சு போச்சு, இல்லையா?" என்று கேட்டாள். தந்தியில் சீரியஸ் என்று வந்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து மொட்டைத் தலையோடு மைதானத்துக்கு வந்தான். நான் ஆடும்போது வேறு ஒருவன் பழைய வழக்கப்படி, "தந்தி அடிக்கி" என்று ஆரம்பித்தான். "அதச் சொல்லாதல" என்றான் இவன். அதற்குப் பிறகு அங்கே அந்தப் பேச்சு எழவில்லை.

எந்தச் சாதனம் வீட்டுக்குள் வந்து அழவைத்ததோ, பர்ஸைக் காலி செய்ததோ, அதன் பெயர்தான் பேச்சில் தங்குகிறது என்பது என் அபிப்பிராயம். டெலக்ஸும் ஃபாக்ஸும் ஆபீசோடு நின்றன. நம்மவர்கள் எத்தனையோ பேர் அவற்றின் முன்னால் உட்கார்ந்து ரிட்டயர் ஆனார்கள், ஆனால் ஒரு வசவுகூட அவற்றால் கிடைக்கவில்லை. பேஜர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ட்ரங்க் கால் அப்படி அல்ல. புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து, மூன்று நிமிஷத்துக்குள் ஊருக்கே கேட்கும்படி கத்திய காலம் அது. இன்றும் யாராவது குரலை உயர்த்தினால், "ட்ரங்க் கால் பேசறயா?" என்கிறோம். ஊர் வம்பு சொல்லும் மாமிக்கு 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பட்டம். 1995-ல் செல்போன் வந்தபோது வருகிற அழைப்புக்கும் காசு உண்டு. 2003-ல் அது போன பிறகும் மிஸ்டு கால் சிக்கனம் நம்மை விடவில்லை. கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் நழுவுகிறவரை, "மிஸ்டு கால் கொடுத்துட்டுப் போயிட்டார்" என்பாள் என் மாட்டுப்பெண்.

2013 ஜூலை 14-ஆம் தேதியோடு நாட்டில் தந்தி சேவை நின்றது. போன மாதம் பேரன் சொசைட்டி மேட்சுக்குக் கிளம்பும்போது, "தாத்தா, ஃபாஸ்ட் பௌலரைப் பார்த்தா காலு தந்தி அடிக்கறது" என்றான். தந்தி என்றால் என்னடா என்று கேட்டேன்.

"டி.வி. சேனல்தானே?" என்றான்.